உப்பில் மூலக்கூறு இல்லை

ஒரு சிட்டிகை உப்பில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும்? படிவம் 4இல் வேதியியல் படிக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பலர் உடனே கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். எடையை 58.5ஆல் வகுத்து, அவகாட்ரோ எண்ணால் பெருக்கி, ஒரு பெரிய எண்ணை விடையாகத் தருவார்கள். பெருக்கல் வகுத்தலில் பிழை இருக்காது. ஆனால் சரியான விடை பூஜ்யம். உப்பில் மூலக்கூறே கிடையாது.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. சீனியும் உப்பும் வெள்ளைப் படிகங்கள். இரண்டும் தண்ணீரில் கரைகின்றன. இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன. ஆனால் சீனி மூலக்கூறுகளால் ஆனது. உப்பு அயனிகளால் ஆனது. உள்ளே அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பு இரண்டிலும் வேறு வேறு.

இந்த வேறுபாட்டை நம் பிள்ளைகள் ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறார்கள். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம். அலோகமும் அலோகமும் சேர்ந்தால் மூலக்கூறு. தேர்வில் வரும் பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த வரி போதும். வேதியியலைப் புரிந்துகொள்ள அது போதாது. அதைத் தொடக்கமாகச் சொல்லிக் கொடுப்பதில் தவறில்லை. அதையே முடிவாகவும் சொல்லிக் கொடுப்பதுதான் தவறு.

எது எதைப் பிடித்திருக்கிறது?

ஒரு சீனி மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் என மொத்தம் 45 அணுக்கள் இருக்கின்றன. அண்டை அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு ஒன்றையொன்று பிடித்திருக்கின்றன. இதைத்தான் சகப்பிணைப்பு என்கிறோம். முக்கியமானது என்னவென்றால், இந்த 45 அணுக்களுக்கு ஓர் எல்லை உண்டு. இந்த மூலக்கூறு இங்கே முடிகிறது, அடுத்தது அங்கே தொடங்குகிறது என்று சுட்டிக்காட்ட முடியும். ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள ஈர்ப்பு, உள்ளே இருக்கும் பிணைப்பைவிட மிகவும் பலவீனமானது.

உப்பின் கதை வேறு. அங்கே சோடியம் ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாக இருக்கிறது. குளோரின் ஓர் எலக்ட்ரானைப் பெற்று எதிர்மின் அயனியாக இருக்கிறது. நேரும் எதிரும் ஈர்த்துக்கொள்கின்றன. இந்த ஈர்ப்புக்குத் திசை கிடையாது. "ஒருவருக்கு ஒருவர்" என்ற கட்டுப்பாடும் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள். ஒவ்வொரு குளோரைடு அயனியையும் சுற்றி ஆறு சோடியம் அயனிகள். அந்த ஆறில் எது அதன் இணை? எதுவும் இல்லை; அல்லது ஆறும்தான். படிகத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை எங்குமே ஒரு மூலக்கூறு முடியும் இடத்தைக் காண முடியாது. சோடியம் குளோரைடு என்று நாம் எழுதும் வாய்ப்பாடு ஒரு விகிதம் மட்டுமே. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கை அது சொல்கிறது.

வெப்பம் இந்த உண்மையை வெளிக்காட்டும். தண்ணீரை 100 டிகிரி செல்சியஸில் கொதிக்க வைக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. உள்ளே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை. நீராவியும் அதே தண்ணீர் மூலக்கூறுகள்தான். உப்பில் அப்படித் தளர்த்துவதற்குப் பலவீனமான இடைவெளி எதுவும் இல்லை. அயனிகளின் பிடியையே தளர்த்த வேண்டும். அதனால்தான் உப்பு உருகுவதற்கு 801 டிகிரி செல்சியஸ் தேவைப்படுகிறது. 1,400 டிகிரிக்கும் மேல் கொதிக்க வைத்து ஆவியாக்கினால் சோடியமும் குளோரினும் இணை இணையாக அலைவதைக் காணலாம். அது உலைக்களத்தின் கதை; சாப்பாட்டு மேசை உப்பில் அந்த இணைகள் இல்லை.

மூத்த வேதியியலாளரே ஏற்கவில்லை

பிள்ளைகள் இதில் தடுமாறுவதில் வியப்பில்லை. பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1913இல் வில்லியம் ஹென்றி பிராக், அவர் மகன் வில்லியம் லாரன்ஸ் பிராக் இருவரும் எக்ஸ் கதிர்களைப் படிகங்களின் வழியே செலுத்தி, உப்பின் உள்ளமைப்பைக் கண்டறிந்தார்கள். சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதுபோல் சோடியமும் குளோரினும் மாறி மாறி அமைந்திருந்தன. மூலக்கூறு என்று தனியாக எதுவும் தென்படவில்லை. 1915இல் தந்தைக்கும் மகனுக்கும் சேர்த்து நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது மகனுக்கு வயது 25.

பரிசு கிடைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன பிறகும் எதிர்ப்பு ஓயவில்லை. 1927இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் 'நேச்சர்' இதழில், சாதாரண உப்புக்காகப் பரிதாபப்பட்டு ஒரு கடிதம் எழுதினார். உப்பில் மூலக்கூறே இல்லை என்பது பொது அறிவுக்கே முரணானது என்பது அவர் வாதம். அப்போது அவருக்கு 80 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சாதாரண ஆள் அல்ல. மாணவர்கள் மனப்பாடம் செய்யாமல் தாங்களே சோதித்துக் கண்டறிய வேண்டும் என்று இங்கிலாந்தில் பல ஆண்டுகள் போராடிய கல்வியாளர். அவராலேயே மூலக்கூறு என்ற பழைய படத்தை மனத்திலிருந்து அகற்ற முடியவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை ஒரே பாடவேளையில் அகற்றிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

ஓர் அம்புக்குறி செய்யும் வேலை

அந்தப் பழைய படத்தை நாமே பிள்ளைகளின் மனத்தில் பதிக்கிறோம் என்பதுதான் வருத்தம். பாடநூலைத் திறந்தால் இடப்பக்கம் ஒரு சோடியம் அணு, வலப்பக்கம் ஒரு குளோரின் அணு. நடுவில் ஓர் அம்புக்குறி. எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே தாவுகிறது. கீழே, கொடுத்ததும் வாங்கியதும் அருகருகே நிற்கின்றன. படம் தவறில்லை. ஆனால் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம், 'இந்த இரண்டும் ஒரு ஜோடி' என்பது.

கல்வி ஆய்வாளர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் டேபர் 1990களில் மாணவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், எலக்ட்ரானைக் கொடுத்ததும் பெற்றதும் மட்டுமே பிணைந்திருக்கின்றன, சுற்றியுள்ள மற்ற ஐந்துடன் இருப்பது வெறும் ஈர்ப்பு, பிணைப்பு அல்ல என்று பலர் நம்புவதைக் கண்டார். நம் அண்டை நாடான சிங்கப்பூரில் டேனியல் டான், டேவிட் டிரகஸ்ட் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்விலும், உலோகமும் அலோகமும் சேர்ந்து மூலக்கூறு உண்டாகிறது என்ற எண்ணம் மாணவர்களிடம் காணப்பட்டது.

உண்மையில் நம் வீட்டு உப்பு, சோடியம் உலோகத்தைக் குளோரின் வாயுவில் எரித்துச் செய்யப்பட்டதல்ல. கடல்நீரில் இரண்டு அயனிகளும் ஏற்கெனவே தனித்தனியாகத்தான் இருந்தன. வெயிலில் தண்ணீர் வற்றியதும் அவை படிகமாக அடுக்கிக்கொண்டன. எந்த சோடியம் எந்தக் குளோரினுக்கு எலக்ட்ரானைக் கொடுத்தது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. இந்த ஒரு செய்தியை அம்புக்குறிப் படத்தின் கீழே சேர்த்துச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நம் பாடத்திட்டம் இந்த வேறுபாட்டை மறந்துவிடவில்லை. சீனிக்கு 'ஜிசிம் மொலேகுல் ரெலாத்திஃப்', உப்புக்கு 'ஜிசிம் ஃபோர்முலா ரெலாத்திஃப்' என்று இரண்டு பெயர்களை வைத்திருக்கிறது. ஒன்று மூலக்கூறின் எடை. மற்றது வாய்ப்பாட்டின் எடை. ஆனால் காரணம் சொல்லப்படாததால், ஒரே கணக்குக்கு எதற்கு இரண்டு பெயர் என்று சலித்துக்கொண்டே பிள்ளைகள் இரண்டையும் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஈயம் பூசுபவரிடம் இரண்டு விதிவிலக்குகள்

'உலோகமும் அலோகமும்' என்ற விதி எங்கே வழுக்குகிறது என்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர்களை மூத்த வாசகர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று வெள்ளீயம். இன்னொன்று நவச்சாரம்.

நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. நைட்ரஜன், ஹைட்ரஜன், குளோரின் மட்டுமே அதில் உண்டு. பெயருக்குக்கூட ஓர் உலோகம் இல்லை. விதிப்படி அது மூலக்கூறாக இருக்க வேண்டும். ஆனால் அது அயனிச் சேர்மம். நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சகப்பிணைப்பால் ஒன்றாகி, மொத்தமாக ஒரு நேர்மின் அயனியாக நிற்கின்றன. சோடியம் நிற்க வேண்டிய இடத்தில் அம்மோனியம் நிற்கிறது, அவ்வளவுதான். ஒரே பொருளுக்குள் இரண்டு வகைப் பிணைப்பும் இருக்க முடியும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வெள்ளீயத்துக்கு வருவோம். கிந்தா பள்ளத்தாக்கையும் ஈப்போவையும் வளர்த்த உலோகம் அது. ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக வெள்ளீயம் தோண்டியெடுத்த நாடு நம்முடையது. வெள்ளீயத்தோடு இரண்டு குளோரின் சேர்ந்தால் கிடைப்பது திண்மம். ஏறக்குறைய 247 டிகிரியில் உருகும். அதே வெள்ளீயத்தோடு நான்கு குளோரின் சேர்ந்தால் கிடைப்பது, காற்றுப் பட்டாலே புகையும் ஒரு திரவம். அது 114 டிகிரியில் கொதித்துவிடும். உலோகமும் அலோகமும் சேர்ந்த பொருள்தான். ஆனாலும் தனித்தனி மூலக்கூறுகளால் ஆனது. ஓர் அணு நான்கு எலக்ட்ரான்களை அடியோடு விட்டுக்கொடுப்பது எளிதல்ல. அளவில் சிறியதாகவும் மின்னூட்டத்தில் பெரியதாகவும் உள்ள நேர்மின் அயனி, பக்கத்தில் இருப்பதன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். கொடுக்கல் வாங்கல் பகிர்வாக மாறிவிடும் என்று 1923இலேயே கசிமீர் ஃபயான்ஸ் விளக்கியிருக்கிறார்.

சில பிரத்தியேக வகுப்புகளில் இன்னொரு குறுக்கு வழியும் சொல்லித் தரப்படுகிறது. இரு அணுக்களின் எலக்ட்ரான் கவர்திறன் வேறுபாடு 1.7க்கு மேல் இருந்தால் அயனி, குறைந்தால் மூலக்கூறு. எண் என்பதால் இது துல்லியமாகத் தோன்றும். ஹைட்ரஜன் ஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 1.78. விதிப்படி அயனிச் சேர்மம். ஆனால் அது சுமார் 20 டிகிரியில் கொதிக்கும் மூலக்கூறுப் பொருள். லித்தியம் ஹைட்ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 1.22. விதிப்படி மூலக்கூறு. ஆனால் அது 690 டிகிரி அளவில் உருகி, உருகிய நிலையில் மின்சாரம் கடத்தும் அயனிச் சேர்மம். லைனஸ் பாலிங் தந்த கவர்திறன் எண்கள் அருமையான கருவி. எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவை சொல்லும். ஆனால் ஒற்றைக் கோடு போட்டு இரு பக்கமும் பிரித்துவிட முடியாது.

பொருளையே கேளுங்கள்

அப்படியானால் பிரித்தறிவது எப்படி? வாய்ப்பாட்டைப் பார்த்து ஊகிக்கலாம். தீர்ப்பைப் பொருளிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில், எளிதாக உருகுகிறதா அல்லது ஆவியாகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, உருகிய நிலையில் மின்சாரம் கடத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் காரீய புரோமைடையும் நாப்தலீனையும் உருக்கி மின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். காரீய புரோமைடு உருகியதும் அயனிகள் நகர ஆரம்பிக்கின்றன, விளக்கு எரிகிறது. நாப்தலீன் உருகினாலும் விளக்கு எரிவதில்லை. அங்கே நகர்வன மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கரைசல் மின்சாரம் கடத்துவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு மூலக்கூறுகளால் ஆனது. தண்ணீரில் கரையும்போதுதான் அது தண்ணீரோடு வினைபுரிந்து அயனிகளைத் தருகிறது. உப்பு ஏற்கெனவே இருந்த அயனிகளைப் பிரித்துவிடுகிறது. ஹைட்ரஜன் குளோரைடு புதிதாக அயனிகளை உண்டாக்குகிறது. இரண்டாவதாக, உருகுநிலை அதிகமாக இருப்பதாலேயே அயனிச் சேர்மம் என்று சொல்லிவிடவும் முடியாது. மணலில் உள்ள சிலிக்கான் டைஆக்சைடு 1,700 டிகிரி அளவில்தான் உருகும். அதில் இருப்பது சகப்பிணைப்பு. ஆனால் மூலக்கூறு இல்லை. முழுப் படிகமும் ஒரே வலைப்பின்னல். ஆகவே 'சகப்பிணைப்பு என்றால் மூலக்கூறு' என்ற சமன்பாடும் பாதி உண்மைதான்.

தோட்டத்திலும் மருந்துப் பெட்டியிலும்

இதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரிய விவகாரம் என்று நினைக்க வேண்டாம். செம்பனைத் தோட்டத்துக்குப் போடும் உரங்களைப் பாருங்கள். யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் நைட்ரஜன் தரும் வெள்ளை உரங்கள். இரண்டிலும் உலோகம் இல்லை. ஆனால் யூரியா மின்னூட்டம் இல்லாத மூலக்கூறு. அம்மோனியம் சல்பேட் அயனிச் சேர்மம்.

மண்ணிலுள்ள களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. நேர்மின்னூட்டம் கொண்ட அம்மோனியம் அயனியை அவை பிடித்துவைத்துக்கொள்ளும். யூரியா மூலக்கூறை அப்படிப் பிடிக்க முடியாது. போட்டவுடன் பெருமழை பெய்தால் அது தண்ணீரோடு போய்விடக்கூடும். மழையே இல்லாவிட்டால், மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதைச் சிதைத்து, அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலக்கவிடும். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அம்மோனியம் சல்பேட்டில் 21 விழுக்காடு. மூட்டையில் அதிகம் இருப்பது யூரியாவில்தான். மரத்துக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு என்பது வானிலையையும் உரமிடும் முறையையும் பொறுத்தது. அம்மோனியம் சல்பேட்டுக்கும் குறை உண்டு. அது மண்ணின் அமிலத்தன்மையைக் கூட்டும். எதை எப்போது போடுவது என்ற முடிவுக்குப் பின்னால், எது மூலக்கூறு, எது அயனி என்ற அறிவு இருக்கிறது.

நம் வீடுகள் பலவற்றில் இருக்கும் இனிப்புநீர் மாத்திரையின் பெயரையும் கவனியுங்கள். மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு. இதிலும் உலோகம் இல்லை. இதுவும் அயனிச் சேர்மம். மெட்ஃபார்மின் நேர்மின் அயனியாகவும் குளோரைடு எதிர்மின் அயனியாகவும் இருக்கின்றன. எளிதில் கரைய வேண்டும், மாத்திரையாக நிலைத்து நிற்க வேண்டும் என்பது போன்ற காரணங்களுக்காக மருந்து மூலக்கூறுகளை இப்படி உப்பாக மாற்றுவது வழக்கம். 500 மில்லிகிராம் என்று அட்டையில் இருப்பது அந்த உப்பின் எடை. அதில் மெட்ஃபார்மின் மட்டும் சுமார் 390 மில்லிகிராம். மருத்துவர் கணக்கிடுவதும் உப்பின் எடையை வைத்துத்தான் என்பதால் நாம் அளவை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பெயரின் இரண்டாம் பாதி எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு 'அது அயனி' என்று பதில் சொல்லத் தெரிந்திருப்பது நல்லதுதானே?

நேரமில்லை என்பவர்களுக்கு

ஆசிரியர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். பாடத்திட்டம் நீளம், நேரம் குறைவு, எஸ்.பி.எம். தேர்வில் வெள்ளீயக் குளோரைடையா கேட்கப் போகிறார்கள்? குறுக்கு வழி நூற்றில் தொண்ணூறு கேள்விகளுக்குச் சரியாக வரும்போது மீதிக்காக ஏன் குழப்ப வேண்டும்? இது நியாயமான கேள்வி. எல்லா விதிவிலக்குகளையும் வகுப்பில் அடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதிவிலக்குகளை மனப்பாடம் செய்வதும் மனப்பாடம்தான்.

நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லி. 'இதில் உலோகம் இருக்கிறதா?' என்று முதலில் கேட்காமல், 'இது எதனால் ஆனது? உருகும்போது எது எதிலிருந்து விலகுகிறது?' என்று முதலில் கேட்கலாம். உலோகம், அலோகம் என்பது அந்தக் கேள்விக்கு விடை தேட உதவும் ஒரு துப்பாக அடுத்து வரட்டும். இதற்கு ஒரு பாடவேளைகூட அதிகம் தேவைப்படாது. அம்புக்குறிப் படத்துக்குப் பக்கத்தில் ஆறு பேர் சூழ நிற்கும் படிகப் படத்தையும் சேர்த்து வரைந்தால் போதும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று போதும். அதுவும் நம் ஊர் ஈயமாகவே இருக்கலாம்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. வேதியியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் பிள்ளை, அதை வீட்டில் தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் தனக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது என்பதை அறிகிறது. 'உப்பு எதனால் ஆனது?' என்று கேளுங்கள். 'சோடியமும் குளோரினும்' என்று பதில் வந்தால் நிறுத்திவிடாதீர்கள். சோடியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும், குளோரின் நச்சு வாயு. பிறகு எப்படி இரண்டையும் ரசத்தில் போட்டுக் குடிக்கிறோம் என்று கேளுங்கள். சோடியம் உலோகம் வேறு, சோடியம் அயனி வேறு என்ற விடை வரும் வரை காத்திருங்கள்.

தமிழில் அறிவியல் எழுதுகிறவர்களும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம். மூலக்கூறு நமக்குக் கிடைத்த நல்ல சொல். கண்ணுக்குத் தெரியாத சின்னது எல்லாவற்றுக்கும் அதைப் பயன்படுத்தினால் அதன் கூர்மை மழுங்கிவிடும். 'சீனி மூலக்கூறு' என்று எழுதுவோம். உப்பு என்று வரும்போது 'அயனிகள்' என்று எழுதுவோம். படிக்கும் பிள்ளை ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால், அதுவே பாடத்தின் தொடக்கம்.